சுபேதார் இராம்ஜி என்னும் தந்தை
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அண்ணல் அம்பேத்கரைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். அவரைப் பற்றிப் பேச என்னினும் வல்லவர்கள் இம்மேடையில் இருக்கின்றனர். ஆகவே அவருடைய தந்தையாரைப் பற்றிச் சில சொற்கள் கூற அனுமதி பெற்றுக்கொண்டேன்.

படையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவரின் குடும்ப வாழ்வு காரைக்காலுக்குப் புதிய செய்தியன்று. தரைப்படையிலும் கடற்படையிலும் பணியாற்றித் திரும்பிய பெரியவர்கள் இந்த அவையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் முன்பு, பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனம் வரை சென்று வந்த 'சொல்தா'க்களை நம் தெருக்கள் கண்டிருக்கின்றன. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி பழைய வழக்குரிமைகளைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்களில் நம்மவர் பலர். சாதி தராத மதிப்பைச் சீருடை தந்தது என்பதை நாம் நேரில் அறிவோம்.

இராம்ஜி மாலோஜி சக்பாலுக்கும் அது அவ்வாறே தந்தது. இரத்தினகிரி மாவட்டத்து அம்பவடே அவருடைய பூர்வீக ஊர், மகார் குலம். ஆங்கிலேயர் படையில் சுபேதார் பதவி வரை உயர்ந்தார். அப்படையில் வீரர்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் கட்டாயக் கல்வி இருந்தது. இராணுவப் பள்ளி ஒன்றில் 14 ஆண்டுகள் தலைமை ஆசிரியராக அவர் பணியாற்றினார். (என் வேலையைச் செய்தவர் என்பதால் அவரிடம் எனக்குச் சற்றுக் கூடுதலான உரிமை உண்டு என்று எண்ணிக்கொள்கிறேன்.) மௌ பாளையத்தில் 1891 ஏப்ரல் 14 அன்று அவருக்குப் பதினான்காவது பிள்ளையாகப் பீமராவ் பிறந்தார். பதினால்வரில் உயிர் தங்கியவர் ஐவரே.

1892இல் மகார்களைப் படையில் சேர்ப்பதை அரசு நிறுத்தியபோது, நீதிபதி ரானடேயின் உதவியை நாடி எதிர்ப்பு விண்ணப்பம் எழுதச் செய்தவர் இவர். ஓய்வுக்குப் பின் தாபோலி, பிறகு சத்தாரா. 1896இல் மனைவி பீமாபாய் மறைந்தார். பிள்ளைகளை வளர்த்தவர் இராம்ஜியின் தமக்கை மீராபாய். கூன் விழுந்த உடல், பெருந்தாய் உள்ளம்.

அவரைக் குறையற்ற மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் இரண்டாம் மணம் செய்துகொண்டார். தம் தாயின் நகைகளை வேறொருத்தி அணிந்திருக்கக் கண்ட பீமராவின் மனம் கசந்தது. தந்தையின் சோற்றை உண்ணாமல் பம்பாய் ஆலைக்கு வேலைக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தான் சிறுவன். வழிச்செலவுக்கு அத்தையின் சுருக்குப் பையைத் திருட மூன்று இரவுகள் முயன்று நான்காம் இரவில் கைக்கு எட்டியது. உள்ளே இருந்தது அரையணா! அந்த வெட்கத்தில்தான் பாடப்புத்தகத்தை இறுகப் பற்றினார் அண்ணல்.

இவ்விடத்தில் என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்டு அவன் தந்தை வந்தார். திருப்பூருக்கு வேலைக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். விதிப்படி கையொப்பமிட்டுக் கொடுத்தேன். பத்து நிமிடம் அமர வைத்துப் பேசவில்லை. அடுத்த பொங்கலுக்கு அவன் புதுச்சட்டையோடு வந்து, "ஐயா, நல்லாயிருக்கேன்" என்றான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க இயலவில்லை. அவனுக்கு அரையணாவல்ல, முழு டிக்கெட்டே கிடைத்துவிட்டது.

1904 வாக்கில் இராம்ஜி குடும்பத்தைப் பம்பாய்க்குக் கொண்டுவந்தார். பரேலில் தொழிலாளர் குடியிருப்பில் ஒரே அறை. சமையலும் அங்கே, விறகும் அங்கே, ஆடும் அங்கே. மகனை முன்னிரவிலேயே உறங்க வைத்துவிட்டு, தாம் இரவு இரண்டு மணி வரை விழித்திருப்பார். இரண்டு மணிக்கு அவனை எழுப்பிப் படிக்க வைத்துவிட்டு, அவன் படுத்த இடத்தில் தாம் சாய்வார். மகன் கேட்கும் நூலை வாங்கப் பணமில்லையெனில் மணமான மகள்களிடம் சென்று கடன் கேட்பார். அவர்களிடமும் இல்லாவிடில் நகையை வாங்கி அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். அந்த மகள்களின் பெயர் மஞ்சுளா, துளசி. மேடைகளில் யாரும் சொல்லாத பெயர்கள் ஆகையால் இங்கே சொல்கிறேன்.

கண்டிப்பும் மிக்கவர். பீமராவ் ஆங்கில நான்காம் வகுப்பில் தேறியபோது, இந்த நிலையை எட்டிய முதல் பையன் என்று சமூகத்தார் பாராட்டுக் கூட்டம் நடத்த விரும்பினர். இராம்ஜி மறுத்துவிட்டார். ஒரு தேர்வில்தான் தேறியிருக்கிறான், வேறொன்றும் சாதிக்கவில்லை, தலைக்கனம் ஏறிவிடும் என்பது அவர் வாதம். நண்பர் கேளுஸ்கர் வந்து வாதாடிய பின்னரே இசைந்தார். அக்கூட்டத்தில் கேளுஸ்கர் பரிசளித்தது தாம் எழுதிய புத்தர் வரலாற்றை. அந்நூல் பிற்காலத்தில் எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதை 1956 அக்டோபர் 14 அறியும். இன்று மாலை பொன்னாடை பெற்ற மாணவச் செல்வங்கள் இராம்ஜி சொன்னதையும் சற்று நினைத்துக்கொள்ளட்டும். பொன்னாடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

1912இல் பீமராவ் பி.ஏ. தேறினார். பரோடா அரசுப் பணிக்குச் செல்ல வேண்டாம் என்றார் தந்தை. மகன் கேளாமல் சென்றார். சில நாட்களில், தந்தை மிக நலிவுற்றிருப்பதாகத் தந்தி வந்தது. திரும்பும் வழியில் சூரத்தில் இறங்கித் தந்தைக்கு இனிப்பு வாங்கினார். அதற்குள் இரயில் புறப்பட்டுவிட்டது. மறுநாள்தான் பம்பாய் சேர முடிந்தது. முதியவரின் கண்கள் அதுவரை வாயிலையே நோக்கியிருந்தன. மகனைக் கண்டதும் தளர்ந்த கையால் அவன் முதுகைத் தடவினார். 1913 பிப்ரவரி 2 அன்று அந்தக் கை ஓய்ந்தது.

அவ்வாண்டே பீமராவ் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குக் கப்பலேறினார். பத்தாண்டுகள் கழித்து, 1923இல் இலண்டனில் வெளியான 'ரூபாயின் சிக்கல்' என்ற ஆய்வு நூலைத் தம் தாய் தந்தையரின் நினைவுக்கே படைத்தார். தம் கல்விக்காக அவர்கள் செய்த தியாகத்தை முதல் ஏட்டிலேயே அச்சிட்டிருக்கிறார். நம் கழக நூலகத்தில் அவருடைய தொகுதிகள் இருந்தால், பொருளாதாரம் புரியாவிட்டாலும் அந்த ஓர் ஏட்டையாவது திறந்து பாருங்கள்.