பள்ளிக்கூடத்தில் மாணவர்களுக்கு வாய் வேண்டாமா?



உயர்தரப் பள்ளியில் படிக்கும் மாணவர்களுக்குக் கல்வி ஏற்பாடுகளில் அபிப்பிராயம் சொல்ல உரிமை வேண்டுமா, வேண்டாமா என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயமாகும். இதைக் கேட்டவுடனேயே உங்களில் சிலர் சிரிப்பதை நாம் பார்க்கின்றோம். "மீசை முளைக்காத பையன் சர்க்காருக்குப் புத்தி சொல்லுவதா? பாவாடை கட்டின பெண் பள்ளிக்கூட போர்டுக்கு யோசனை கூறுவதா?" என்று நினைக்கிறீர்கள். நாம் சொல்லுவதை முழுவதும் கேளுங்கள். கேட்ட பிறகும் சிரிப்பு வருமானால் தாராளமாய்ச் சிரியுங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் ஏற்றுக்கொள்ளுங்கள்.

வெறும் வாதம் பேசுவதைவிட, நடந்த ஒரு சங்கதியைச் சொல்லுகின்றோம். அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்தில் பிரின்ஸ் எட்வர்ட் என்று ஒரு ஜில்லா. அதில் பார்ம்வில் என்று ஒரு ஊர். அங்கே வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்புப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி என்று சட்டமே பிரித்து வைத்திருந்தது. தனிக் கிணறும், தனிப் பந்தியும், தனிச் சுடுகாடும் பார்த்த நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டுமா?

கறுப்புப் பிள்ளைகளுக்கென்று 1939-ல் கட்டப்பட்ட மோட்டன் உயர்தரப் பள்ளி 180 பேருக்கு உத்தேசித்தது. 1951-ல் அதில் 450 பேருக்கு மேல் படித்தார்கள். இதற்குப் பள்ளிக்கூட போர்டார் செய்த பரிகாரம் என்ன தெரியுமா? மரச்சட்டம் நிறுத்தி, தார்க் காகிதம் போர்த்திச் சில கொட்டகைகள் போட்டுக் கொடுத்தார்கள். மழை வந்தால் ஒழுகும். குளிர் வந்தால் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற பிள்ளை வேகும், தூரத்தில் இருக்கிற பிள்ளை நடுங்கும். சாப்பாட்டுக் கூடம் கிடையாது, தேகப்பயிற்சிக் கூடம் கிடையாது, விஞ்ஞானச் சோதனைச்சாலை கிடையாது. பெற்றோர்கள் போர்டாரிடம் போய்ப் போய்க் கேட்டார்கள். "பார்க்கலாம், ஆகட்டும்" என்பதற்கு மேல் காரியம் ஒன்றும் நடக்கவில்லை.

அந்தப் பள்ளியில் பார்பரா ஜான்ஸ் என்று 16 வயதுப் பெண் ஒருத்தி படித்தாள். அவளும் சில தோழர்களும் இரகசியமாய்க் கூடி யோசித்தார்கள். 1951-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 23-ந் தேதி, தலைமை உபாத்தியாயரை ஒரு டெலிபோன் பொய் சொல்லி ஊருக்குள் அனுப்பிவிட்டு, மாணவர்களையெல்லாம் கூட்டத்துக்கு அழைத்தார்கள். உபாத்தியாயர்களை வெளியே போகும்படி கேட்டுக்கொண்டு, அந்தப் பெண் மேடையேறிப் பேசினாள். அத்தனை பேரும் பள்ளியைவிட்டு வெளியேறினார்கள். ஸ்டிரைக் இரண்டு வாரம் நடந்தது.

"பொய் சொல்லித் தலைமை உபாத்தியாயரை அனுப்பியது யோக்கியமா?" என்று நீங்கள் கேட்கலாம். நாமும் கேட்கின்றோம். ஆனால் அதற்கு முன் வேறொன்றைக் கேட்க வேண்டாமா? நேர் வழியில் போய்ச் சொல்ல அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வாசல் இருந்ததா? போர்டில் ஒரு நாற்காலி இருந்ததா? வாசலை அடைத்துவிட்டு, "ஏன் சுவர் ஏறிக் குதித்தாய்?" என்று கேட்பது என்ன நியாயம்?

மாணவர்கள் கேட்டது நல்ல கட்டடம் ஒன்றுதான். உதவி கேட்டு வக்கீல்களுக்கு எழுதினார்கள். வக்கீல்களோ, "தனிப் பள்ளியையே ஒழிக்க வேண்டும் என்று வழக்குப் போடச் சம்மதமானால் வருகிறோம்" என்றார்கள். மாணவர்களும் பெற்றோர்களும் சம்மதித்தார்கள். மே மாதம் 23-ந் தேதி 117 மாணவர்கள் பேரில் வழக்குத் தாக்கலாயிற்று. இதையும், மற்ற இடங்களிலிருந்து வந்த நான்கு வழக்குகளையும் சேர்த்துத்தான் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 1954-ம் வருஷம் மே மாதம் 17-ந் தேதி, நிறத்தைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்து வைப்பது செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. அந்த ஐந்து வழக்குகளில் மாணவர்களின் ஸ்டிரைக்கிலிருந்து பிறந்தது இது ஒன்றேயாகும்.

பிறகு நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெள்ளைப் பிள்ளைகளோடு கறுப்புப் பிள்ளைகளைச் சேர்ப்பதைவிடப் பள்ளியே இல்லாதிருப்பது மேல் என்று அந்த ஜில்லா அதிகாரிகள் 1959-ல் சர்க்கார் பள்ளிகள் அத்தனையையும் இழுத்து மூடிவிட்டார்கள். வெள்ளையர் தங்கள் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி வைத்துக்கொண்டார்கள். கறுப்புப் பிள்ளைகளில் சிலர் வெளியூர் உறவினர் வீடுகளுக்குப் போய்ப் படித்தார்கள். பலர் படிப்பையே இழந்தார்கள். 1964-ல் சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் தலையிட்ட பிறகுதான் பள்ளிகள் திறந்தன. தோழர்களே! ஐந்து வருஷம் பள்ளியை மூடினவர்கள் எல்லோரும் வயது வந்தவர்கள், ஓட்டுள்ளவர்கள், அனுபவசாலிகள் என்று பேர் வாங்கினவர்கள். மூடுவதற்கு முன் ஒரு பிள்ளையையாவது கேட்டார்களா? வயதுக்கும் அறிவுக்கும் உள்ள சம்பந்தம் இவ்வளவுதான்.

"சிறு பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?" என்பது புதிய கேள்வியல்ல. பெண்கள் ஓட்டுக் கேட்டபோதும், கூலிக்காரன் சங்கம் வைத்தபோதும், தாழ்த்தப்பட்டவன் சட்டசபைக்கு வந்தபோதும் இதே கேள்விதான் கேட்கப்பட்டது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்? கூரை ஒழுகுவது கீழே உட்கார்ந்து நனைகிறவனுக்குத் தெரியுமா, மச்சு வீட்டில் இருந்து கையெழுத்துப் போடுகிறவனுக்குத் தெரியுமா?

"மாணவர்கள் பரீட்சையே வேண்டாம் என்பார்களே, கட்டுப்பாடு கெடுமே" என்கிறார்கள். மாணவர் சொல்லுவதெல்லாம் சரியென்று நாம் சொல்லவரவில்லை. பெரியவர் சொல்லுவதெல்லாந்தான் சரியா? தவறாய்ச் சொன்னால் காரணம் காட்டி மறுக்கட்டும். ஓட்டெடுத்துத் தோற்கடிக்கட்டும். காரணம் கேட்கவும், காரணம் சொல்லவும் பழகுவதைவிடப் பெரிய படிப்பு வேறென்ன இருக்கிறது?

இது நடக்காத காரியமுமல்ல. கலிபோர்னியா மாகாணக் கல்வி போர்டின் 11 ஸ்தானங்களில் ஒன்று உயர்தரப் பள்ளி மாணவருக்கு உரியது. அவருக்கு ஓட்டும் உண்டு. மேரிலாந்து மாகாணத்தில் ஆன் அரண்டல் என்ற ஜில்லாவின் கல்வி போர்டிலும் மாணவ அங்கத்தினருக்கு மற்றவர்களைப் போலவே முழு ஓட்டு உண்டு. அதனால் அங்கே வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. தங்களைப் பற்றிய விஷயங்களில் அபிப்பிராயம் சொல்லப் பிள்ளைகளுக்கு உரிமை உண்டென்று 1989-ல் ஐக்கிய நாடுகள் சபையில் செய்த ஒப்பந்தம் சொல்லுகிறது. 1992-ல் இந்தியாவும் அதை ஒப்புக்கொண்டிருக்கிறது. காகிதத்தில் ஒப்புக்கொண்டதைக் காரியத்தில் காட்ட வேண்டாமா?

ஆனால் ஒரு எச்சரிக்கை. கலியாண வீட்டு வாழைமரம்போல் ஒரு மாணவரை வாசலில் நிறுத்திவைத்து, "பாருங்கள், மாணவருக்கும் இடம் கொடுத்துவிட்டோம்" என்று சொல்லுவது சுத்த மோசடியாகும். மாணவர்களே தேர்ந்தெடுத்த பிரதிநிதி வேண்டும். அவருக்கு ஓட்டு வேண்டும். அவர் சொன்னதைத் தள்ளினால், தள்ளியதற்குக் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். உண்மையைச் சொன்னதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. பார்பரா ஜான்ஸ் பேசியதன் பலனாய், ஆபத்துக்குப் பயந்து அவளைப் பெற்றோர் வேறு மாகாணத்திலுள்ள தகப்பனாரின் சகோதரர் வீட்டுக்கு அனுப்பிவைக்க நேர்ந்ததை மறந்துவிடக் கூடாது.

அமெரிக்கத் தலைநகரின் சட்டசபைக் கட்டடத்தில், அடிமை முறையைக் காக்கப் போராடிய படைக்குத் தலைமை வகித்த லீ என்ற தளபதியின் சிலையை வர்ஜீனியா வைத்திருந்தது. 2020-ல் அது எடுக்கப்பட்டது. அந்த இடத்துக்கு அதே வர்ஜீனியா தேர்ந்தெடுத்தது யாரை? பள்ளிக்கூட மேடையேறிப் பேசிய அந்தப் பெண்ணைத்தான்! அவள் இறந்தது 1991-ல். உயிரோடிருக்கும்போது வாயை மூடு என்பதும், செத்த பிறகு சிலை வைப்பதும் உலக வழக்கமாய்ப் போய்விட்டது.

ஆகவே தோழர்களே! சிலை பிறகு வைக்கலாம். முதலில் நாற்காலி போடுங்கள். அதை உங்கள் வீட்டிலிருந்தே ஆரம்பியுங்கள். இன்றிரவு வீட்டுக்குப் போனதும், "எத்தனை மார்க் வாங்கினாய்?" என்று கேட்பதை ஒரு நாளைக்கு நிறுத்திவிட்டு, "உன் பள்ளியில் குடிக்கத் தண்ணீர் உண்டா? கக்கூசுக்குக் கதவு உண்டா? நடத்துகிற பாடம் புரிகிறதா? என்ன மாற்ற வேண்டும் என்கிறாய்?" என்று உங்கள் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். அது சொல்லும் பதிலைக் கேட்ட பிறகும் உங்களுக்குச் சிரிப்பு வருமானால், நாம் இங்கே பேசியதெல்லாம் வீண் என்று ஒப்புக்கொள்ளுகின்றோம்.