பரமற்றாவில் ஒரு புதையல் தேடல்
(நூற்றாண்டு விழாவில் சிட்னிக் கிளையினர் ஆற்றிய உரை)





எங்கள் கிளையின் ஒன்றுகூடல் வழமையாக மதியச் சாப்பாட்டுடன் முடிந்துவிடும். இம்முறை பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு பரமற்றாவில் ஒரு புதையல் தேடல் நடத்தினோம். ஜியோகாஷிங் என்பது அதன் பெயர். 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கிய விளையாட்டு. ஒருவர் ஒரு பெட்டியை மறைத்து வைத்து, அந்த இடத்தின் அகலாங்கு, நெட்டாங்கு எண்களை அறிவிப்பார். மற்றவர்கள் கைத்தொலைபேசியின் உதவியுடன் தேடிப்போய், உள்ளே இருக்கும் கொப்பியில் பெயரும் திகதியும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும்.

பரமற்றா, ஆங்கிலேயர் சிட்னியில் இறங்கிய அதே 1788இல் பயிர்ச்செய்கைக்காகக் குடியேறிய இடம். அதற்கு முன்னரே அது பூர்வகுடி மக்களின் நிலம். ஊர்ப்பெயரும் அவர்களுடைய மொழியில் வந்ததே. 1793இல் கட்டிய எலிசபெத் பண்ணை வீடு, தண்டனைக் காலம் முடிந்த ஜேம்ஸ் ரூஸுக்கு வழங்கிய 30 ஏக்கர் பண்ணை, 1799இல் எழுந்த ஆளுநர் மாளிகை என்று ஒவ்வோர் இடமாகப் போனோம். அந்த ஆண்டுகளின் இலக்கங்களைச் சேர்த்தால்தான் அடுத்த இடம் தெரியவரும். பிள்ளைகள் ஓடினார்கள், நாங்கள் மூச்சு வாங்கப் பின்னால் போனோம்.

கடைசிக் குறிப்பு சென் ஜோன்ஸ் தேவாலயப் பக்கம் கொண்டுபோய் விட்டது. பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக 1814இல் ஆளுநர் மக்குவாரி தொடங்கிய பாடசாலை அந்த அயலில் இருந்தது. மாளிகை நிற்கிறது; பாடசாலையின் சுவரொன்றைக்கூட நாங்கள் காணவில்லை. சேர்த்த பிள்ளையைப் பெற்றோர் திரும்பக் கூட்டிப்போக முடியாது என்பது அதன் விதி. ஆணுக்கு 16 வயது, பெண்ணுக்கு 14 வயது வரும்வரை தடை.

1819இல் நடந்த பரீட்சையில், ஏறக்குறைய நூறு வெள்ளைக்காரப் பிள்ளைகளையும் முந்தி முதற்பரிசு பெற்றவள் இந்தப் பாடசாலையின் 14 வயதுச் சிறுமி. செய்தி வெளியிட்ட பத்திரிகை அவளுடைய பெயரைப் போடவில்லை. அவர் மரியா லொக் என்றே இன்று கருதுகிறார்கள். பிற்காலத்தில் தன் சகோதரருக்கு வழங்கப்பட்டிருந்த நிலத்தைக் கேட்டு 1831இல் ஆளுநருக்கு மனுக் கொடுத்தவரும் இந்த மரியாதான். அந்த நிலம் அவருடைய கைக்கு வந்தது 1843இல்.

"முதலாம் பிள்ளையின்ர பெயரை ஏன் எழுதேல்லை?" என்று எங்கள் பிள்ளை ஒருத்தி கேட்டாள். எங்களுக்கு உடனே ஊர் நினைவு வந்தது. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் விடுதிப் பாடசாலைகளிலும், படிக்க வந்த பிள்ளைகளுக்குக் கடல் கடந்த கொடையாளிகளின் பெயர்களைச் சூட்டும் வழக்கம் இருந்தது. கல்வி கிடைத்தது, வீட்டார் வைத்த பெயர் மறைந்தது. பின்னர் வந்த இடப்பெயர்வுகளில் இடாப்புகளும் தொலைந்தன.

அதிபர்மாரின் பெயர்களும் கொடையாளிகளின் பெயர்களும் கல்வெட்டில் இருக்கும். இடையில் படிப்பை விட்டவளின் பெயர், ஊரைவிட்டுப் போனவளின் பெயர் எங்கே இருக்கும்? கூடப் படித்தவர்களின் நினைவில் மட்டுந்தான். அந்த நினைவுக்கும் வயதாகிறது.

ஆகையால் மண்டப வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். உங்கள் பெயரையும் படித்த ஆண்டுகளையும் எழுதுங்கள். அதன் கீழே, இன்று இங்கு வராத ஒரு வகுப்புத் தோழியின் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள்.