கட்டுப் பிரித்த பிறகு

கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டவர்கள் ஒரு நாளை எண்ணிக் காத்திருப்பார்கள். அது கட்டைப் பிரிக்கும் நாள். ஆனால் அன்று அவர்கள் காண்பது பழைய கால் அன்று. தொடை மெலிந்திருக்கும், தோல் உலர்ந்து உதிரும், முழங்கால் மடங்க மறுக்கும். "எலும்புதான் கூடிவிட்டதே, பிறகு ஏன் நடக்க முடியவில்லை?" என்று கலங்குவார்கள். அந்தக் கேள்விக்கு விடை காண்போம்.

புக்கிட் மெர்தாஜாமில் சிறியதோர் இயன்முறை மருத்துவ நிலையம் நடத்துகிறேன். பிசியோதெரபி என்றால் எல்லாருக்கும் விளங்கும். எங்கள் வட்டாரத்தில் பலர் விடியற்காலையிலேயே மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுப் பிறை தொழிற்பேட்டைக்கும், பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கும் போகிறவர்கள். சாலை விபத்தில் கால் முறிந்து வருகிறவர்களுக்கு எங்களிடம் குறைவில்லை.

மாவுக்கட்டு எலும்பை அசையாமல் காக்கிறது. அந்த அசையாமைதான் எலும்பு கூட உதவுகிறது. ஆனால் தசைக்கு அதுவே பகை. வேலையில்லாத தசை சில வாரங்களிலேயே சுருங்கி வலுவிழக்கிறது. மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகிப்போகிறது. ஆகவே கட்டைப் பிரிக்கும் நாளில் எலும்பின் வைத்தியம் முடியலாம். காலின் வைத்தியம் அன்றுதான் தொடங்குகிறது.

முழங்கால் எவ்வளவு மடங்கவேண்டும்? சமதரையில் நடக்க ஏறத்தாழ 65 பாகை போதும். நாற்காலியிலிருந்து எளிதாக எழ 90 பாகைக்கு மேல் வேண்டும். கோயிலில் சம்மணமிட்டு உட்கார 120 பாகையும் போதாது. நடக்க முடிந்துவிட்டது என்று சிகிச்சையை நிறுத்துகிறவர் பாதி வழியில் நின்றுவிடுகிறார்.

அப்படி நின்றுவிட்டவர் ஒருவரை நான் அறிவேன். தொழிற்சாலையில் வேலை செய்பவர். மூன்று முறை சிகிச்சைக்கு வந்தார், வலி குறைந்தது, ஒரு நாள் சம்பளம் போகிறதே என்று நின்றுவிட்டார். ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது முழங்கால் 70 பாகைக்கு மேல் மடங்கவில்லை. மகளின் திருமணத்தில் மனைவியோடு மணவறையில் அமர்ந்து தாரை வார்க்க முடியாமல், நாற்காலி போட்டு உட்கார்ந்தாராம். அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. பிறகு விடாமல் பயிற்சி செய்தும் 100 பாகைதான் கிடைத்தது. இறுகிய மூட்டு காலம் கடந்தால் முழுவதும் இளகுவதில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்? காலை நீட்டிப் படுத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வையுங்கள். முழங்காலால் துண்டை அழுத்தி, மெதுவாக ஐந்து எண்ணும்வரை பிடித்து, விடுங்கள். பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. அடுத்து, குதிகாலைப் படுக்கையில் இழுத்தபடியே முழங்காலை முடிந்தவரை மடக்கி நீட்டுங்கள். ஊன்றி நடப்பதை மட்டும் டாக்டர் அனுமதித்த பிறகே தொடங்கவேண்டும். பயிற்சியின்போது சிறிது வலித்தால் அஞ்சவேண்டாம். மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால் பயிற்சியைக் குறையுங்கள். கெண்டைக்காலில் வீக்கமும் சூடும் வலியும் கண்டால், அல்லது மூச்சுத் திணறினால், உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். புதிதாகக் கூடிய எலும்பை எண்ணெய் போட்டு முரட்டுத்தனமாக இழுத்து உருவ யாரையும் விடாதீர்கள்.

நல்ல சிகிச்சை நிலையத்தை எப்படி அறிவது? முதல் நாளே மூட்டின் மடக்கத்தை அளந்து எழுதி வைக்கிறார்களா என்று பாருங்கள். வீட்டுப் பயிற்சியைக் கற்றுத் தருகிறார்களா என்று பாருங்கள். ஒத்தடமும் மின்சாரக் கருவியும் வலியைத் தணிக்கும், பயிற்சிக்கு ஈடாகா. கருவியை மாட்டிவிட்டுக் கட்டணம் வாங்குவது நடத்துகிறவருக்கு எளிது. நோயாளிக்குப் பயன் குறைவு. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று 2020 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. அதன்படி இயன்முறை மருத்துவர்கள் பதிவு பெறவேண்டும். பதிவு உண்டா என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் நாங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

சம்பளம் போகும் கவலைக்கும் ஒரு வழி உண்டு. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சொக்சோ, வேலையிடத்து விபத்துக்கு மட்டுமன்றி, வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்கும் உதவுகிறது. மீண்டும் வேலைக்குத் திரும்ப உதவும் திட்டத்தை அது 2007இல் தொடங்கியது. மலாக்காவில் அதன் துன் ரசாக் மறுவாழ்வு மையம் 2014இல் திறக்கப்பட்டது. விபத்து நடந்ததும் முதலாளியிடம் தெரிவித்து, மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தி வையுங்கள்.

நிறைவாக ஒருவரை நினைவுகூர்வோம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் முதுகுத் தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். 1966இல் வேலூரில் எழுந்த மறுவாழ்வு நிலையம் அவர் உழைப்பின் பயன். இழந்த கால்கள் அவருக்குத் திரும்பவில்லை. எஞ்சியிருந்த வலிமையை அவர் வீணாக்கவில்லை. உங்கள் கால் திரும்பக் கூடியது. வலி நின்ற அன்றே பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள்.