களத்துமேட்டில் உருண்ட பந்து



அதியமான் ஆண்ட தகடூரே இன்றைய தருமபுரி. 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. 2004-இல் கிருட்டிணகிரி இதனின்றும் பிரிந்தது. எல்லைகள் எத்தனை முறை மாறினும், இம்மண்ணின் சிற்றூர்களில் வளர்ந்தோர் நெஞ்சில் ஒரு பந்து இன்னும் உருண்டுகொண்டே இருக்கிறது.

அது கடையில் வாங்கிய பந்தன்று. கிழிந்த சேலைத் துணியைச் சுருட்டிச் சணலால் இறுகக் கட்டிய பந்து. கேழ்வரகு அடித்து ஓய்ந்த களத்துமேடே ஆடுகளம். ஓரத்துப் புளியமரமே பந்தல். ஏழு ஓட்டுச் சில்லுகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, ஓரணியார் பந்தெறிந்து சாய்ப்பர். அவர்கள் மீண்டும் அடுக்கி முடிக்குமுன் எதிரணியார் அதே பந்தால் அவர்களை அடித்து வெளியேற்ற வேண்டும். இவ்வளவே ஆட்டம். நடுவர் இல்லை. பந்து பட்டதா, படவில்லையா என்னும் வழக்கைச் சிறார் தாமே பேசித் தீர்த்தனர். தீராவிடின் ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும். ஓடத் தெரியாத சின்னஞ்சிறு பிள்ளையையும் அவர்கள் விலக்கியதில்லை; 'ஒப்புக்குச் சப்பாணி' என்று பெயரிட்டுச் சேர்த்துக்கொண்டனர். அப்பிள்ளைக்கு ஓட உரிமையுண்டு, தோல்வி இல்லை. எத்துணை இனிய சட்டம்!

இத்தகைய ஆட்டங்களின் அருமையை உணர்ந்த அறிஞர் தேவநேயப் பாவாணர். அவருடைய 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' 1954-இல் வெளிவந்தபோது, அவர் சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். தருமபுரியும் அன்று சேலம் மாவட்டத்துள் அடங்கியிருந்தது. சொல்லின் வேர் தேடிய அப்பெருமகனார், தெருவில் ஆடிய சிறுவரையும் நின்று நோக்கினார் என்பது எண்ணத்தக்கது.

இனி, இலக்கியத்தை நோக்குவோம். தமிழிலக்கியத்தில் பந்து பெரும்பாலும் பெண்ணின் கையிலேயே காணப்படுகிறது. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் 'கந்துக வரி' இடம்பெறுகிறது. கொங்குவேளிர் பாடிய பெருங்கதையில், மகளிர் ஒருவர் அடித்த எண்ணிக்கையை மற்றவர் விஞ்சப் பந்தடிக்கின்றனர். மானனீகை அனைவரையும் வெல்கிறாள். குற்றாலக் குறவஞ்சியின் வசந்தவல்லியும் பந்தாடும் வேளையிலேயே குற்றாலநாதரின் உலாவைக் காண்கிறாள். இப்புலவர்கள் பெண்ணின் அழகையே மிகுதியாகப் பாடினர் என்பது உண்மை. ஆயினும் அவளுடைய கைத்திறனும் கால்விரைவும் அவ்வரிகளுள் மறையாது நிற்கின்றன.

ஏட்டில் பெண்ணுக்குரியதாய் இருந்த பந்து, ஊரில் அவள் கையில் நிலைக்கவில்லை. களத்துமேட்டில் அண்ணன் தம்பியரோடு ஓடிய சிறுமி, பூப்பெய்திய நாளோடு ஆட்டத்தினின்று நிறுத்தப்பட்டாள். அடுத்த அறுவடைக்குப் பின்னும் சில்லுகள் அடுக்கப்பட்டன. அவள் மட்டும் வாசற்படியில் நின்று பார்த்தாள். பலருக்கு அதன்பின் பள்ளியும் நின்றது, திருமணம் வந்தது. பெண்மகவைப் பிறந்தவுடன் இழந்த துயரமும் இம்மாவட்டத்துக்குண்டு. சேலத்தில் 1992-இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கும் நீட்டிக்கப்பட்டது. பதினெட்டு அகவைக்குமுன் பெண்ணுக்கு மணம் கூடாதென 2006-இல் இயற்றப்பட்ட சட்டமும் உரைக்கிறது. ஆயினும் சட்டம் வாசல் வரையில்தான் வரும். வீட்டினுள் மனம் மாற வேண்டும்.

ஆகவே, அந்தப் பழைய பந்தை எண்ணி ஏங்குவோர் ஒன்றை மறத்தலாகாது. அந்த இன்பம் அனைவர்க்கும் ஒரே அளவில் கிட்டியதன்று. பாதியிலேயே பந்தைப் பறிகொடுத்தோர் பலர். அவர்கள் இன்று தாயராய், பாட்டியராய் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்தம் பேத்தியர் மாலையில் விளையாட விரும்பினால், 'வயது வந்த பெண்ணுக்கு விளையாட்டு என்ன' என்று எவரும் தடுக்காதிருத்தல் வேண்டும். பள்ளிகளில் விளையாட்டு வேளையைப் பாட வேளையாக்கும் வழக்கமும் ஒழிதல் வேண்டும்.

பத்தாண்டு நிறைவு காணும் இம்மன்றத்தார் ஒரு பணி மேற்கொள்ளலாம். ஊர்தோறும் மூதாட்டியரைக் கண்டு, அவர்கள் ஆடிய ஆட்டங்களின் பெயரையும் விதிகளையும் எழுதி வாங்குங்கள். எந்த அகவையில் ஆட்டம் நின்றது என்பதையும் தவறாது கேட்டெழுதுங்கள். அவ்வேடு தகடூர் நாட்டின் உண்மை வரலாற்றுக்கு ஒரு சான்றாகும்.