டி.சி. இல்லையா? பரவாயில்லை

சென்னையை அடுத்த நூம்பலில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் மஞ்சப்பை. பைக்குள் ஆதார் அட்டை, மகனின் மதிப்பெண் அட்டை எல்லாம் இருக்கின்றன. டி.சி., அதாவது பள்ளி மாற்றுச் சான்றிதழ், மட்டும் இல்லை. பழைய தனியார் பள்ளியில் ஃபீஸ் பாக்கி, கட்டினால்தான் டி.சி. என்றுவிட்டார்கள். பையன் ஒரு மாதமாக வீட்டில் டி.வி. பார்க்கிறான்.

அம்மா, டி.சி. இல்லாமலேயே பையனை அரசுப் பள்ளியில் சேர்க்கலாம். ஆமாம், டி.சி. இல்லாமலேயே! எட்டாம் வகுப்பு வரை இது சட்டம். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம். டி.சி. வரத் தாமதம் என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது, தள்ளிப்போடவும் கூடாது. கேட்டதும் டி.சி. கொடுப்பது பழைய பள்ளியின் கடமை.

கடன்காரர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போவார் இல்லையா, அது மாதிரி டி.சி.யைப் பிடித்து வைக்க முடியாது. டி.சி. பாக்கி வசூலிக்கும் கருவி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024-ல் சொல்லிவிட்டது. பாக்கி என்பது பெரியவர்கள் பேசித் தீர்க்கிற கணக்கு. பையனுக்கு அதில் என்ன வேலை?

நாளைக் காலையிலேயே கூட்டிக்கொண்டு போங்கள். தொடக்கப் பள்ளி என்றால் கொஞ்சம் சீக்கிரமாகவே போங்கள். அங்கே காலைச் சிற்றுண்டியும் உண்டு.