அழுகிற பிள்ளைக்குக் கை சோர்ந்தால்
(தாய்மார் கூட்டத்தில் பேசியது)



இன்றைக்கு ஒரு அபூர்வமான நோயைப் பற்றிச் சொல்லப் போறேன். பெயர் மோயாமோயா. சிரிக்காதீங்க, அது யப்பான் சொல். புகை மண்டுவது மாதிரி என்று அர்த்தம். 1957இல் யப்பான் டாக்டர்மார் இந்த நோயைப் பற்றி முதலில் எழுதினார்கள். 1969இல் சுசுகி, தகாகு என்ற இருவர் இந்தப் பெயரைச் சொன்னார்கள்.

மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய நாடிகள் கழுத்தின் இரு பக்கத்தாலும் ஏறுகின்றன. மண்டைக்குள் அவை பிரியும் இடம் கொஞ்சங் கொஞ்சமாக ஒடுங்கிப் போகுது. அதனால் நூல் மாதிரி சின்னக் குழாய்கள் வளருது. நாடிக்குள் மருந்து விட்டு எக்ஸ்ரே படம் எடுத்தால், அவைதான் புகையாகத் தெரியும்.

பிள்ளை கத்தி அழும். அழும்போதே ஒரு கை சோர்ந்து தொங்கும், பேச்சுக் குழறும். பத்து நிமிசத்தில் சரியாகிவிடும். இங்கேதான் நாம் ஏமாறுறோம். பிடிவாதம் என்று ஒரு அடி, இல்லாட்டி கோயிலில் ஒரு நூல். டிஸ்பென்சரிக்குப் போனால் ஒரு நாள் பேர் போயிரும் என்ற கணக்கும் இருக்கு, எனக்குத் தெரியும். ஆனால் அடுத்த தடவை அந்தக் கை திரும்பி வராமலே போகலாம். அது பாரிசவாதம்.

வேகமாக மூச்சு விட்டால் மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கும். ஏற்கெனவே ஒடுங்கின நாடி உள்ள பிள்ளை அதைத் தாங்காது. யப்பானில் சுடச்சுட நூடில்ஸை ஊதிச் சாப்பிடும்போதும் இப்படி வருவதைக் கண்டார்கள். நம்ம அடுப்பை ஊதுவதும் அதே மூச்சுதான்.

ஒடுங்கின நாடியைத் திறக்க மருந்து இல்லை. சத்திர சிகிச்சை இருக்கு. பீலிக்கு வரும் குழாய் அடைத்தால் வேறு லைனிலிருந்து தண்ணி எடுக்கிறோமே, அது போலத்தான். காதுக்கு முன்னால் தொட்டால் துடிக்குதே, அந்த நாடியை மண்டையோட்டில் துவாரமிட்டு மூளை நாடியோடு தைப்பார்கள். சின்னப் பிள்ளைக்கு நாடி மெல்லிசு. அதனால் தைக்காமல் மூளையின் மேல் படிய வைப்பதும் உண்டு. மாதக்கணக்கில் புதுக் கிளைகள் விடும்.

கை சோர்ந்தால், சரியாகிவிட்டாலும் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. எந்தக் கை, எத்தனை நிமிசம், அப்போ பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தது என்று டாக்டரிடம் சொல்லுங்க. போன் இருந்தால் வீடியோ எடுத்துக் காட்டுங்க. மணி பார்க்கவில்லை என்றால், சோறு ஒரு கொதி வரும் நேரம் என்று சொன்னாலும் விளங்கும்.