மறுப்பை எழுதி வாங்குவோம்

(தோவாளையில் இளைஞர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, மாணவத் தம்பி தங்கைகளே,

விடியுமுன்னே இந்த ஊர்ச் சந்தைக்கு வந்து பாருங்கள். பிச்சியும் மல்லியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கேரளத்துக்குப் போகிற வண்டிகள் காத்து நிற்கும். ஓணம் வந்தால் விலை ஏறும். எங்க அம்மை முப்பது வருசம் கூலிக்குப் பூ கெட்டினாள். விலை ஏறின நாளிலும் அவளுக்கு அதே கூலிதான். ஏன்? விலையைத் தீர்மானிப்பது பூ கெட்டுகிற விரல் இல்லை. தராசும், கொள்முதலுக்குக் கையில் இருக்கிற ரொக்கமும்தான். அதற்குப் பெயர் மூலதனம். 2025இல் தோவாளை மாணிக்கமாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோசம்தான். ஆனால் மாலையின் பெயருக்குக் காப்பு வந்ததாலேயே கூலிக்காரிக்குக் கடை வந்துவிடாது.

மாலை கெட்டும் கூடம் ஒன்று வைக்க 5 லட்சம் கடன் கேட்டு நான் ஒரு வங்கிக்குப் போனேன். மேலாளர் ஊரைக் கேட்டார். பிறகு தெருவைக் கேட்டார். பிறகு, "ஈடு என்ன இருக்கு?" என்றார். கடைசியில், "பூ கெட்டுறதுக்கு அம்பதாயிரம் போதுமேப்பா" என்றார். விண்ணப்பத்தை வாங்கவே இல்லை. நானும் பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். அதுதான் என் தப்பு.

ஏன் தப்பு என்கிறேன்? சிறுதொழிலுக்கு 10 லட்சம் வரை ஈடு கேட்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010இலேயே உத்தரவிட்டது. 2015இல் வந்த முத்ராவும் ஈடில்லாக் கடன்தான். ஆனால் முத்ராக் கணக்குகளில் பெரும்பாலானவை 'சிசு' வகை, அதாவது 50,000க்குள். அந்தப் பணத்தில் நூல் வாங்கலாம், பூ வாங்கலாம். தராசு வாங்க முடியாது.

2023இல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தது. 18 தொழில்கள். மாலை கெட்டுகிறவரும் உண்டு, செருப்பு தைக்கிறவரும் உண்டு. இது குலத்தொழிலைக் கெட்டிப்படுத்தும் என்று 2024இல் தமிழக அரசு மறுத்தது. மறுத்தது சரி. பிறகு 25 தொழில்களுக்குத் தானே ஒரு கைவினைத் திட்டம் கொண்டுவந்தது. கடன் 3 லட்சம் வரை. நல்லது. ஆனால் தோழர்களே, செய்கிற தொழிலுக்குக் கருவி கொடுப்பதும், அதை விட்டு வேறு தொழிலுக்குப் போகப் பணம் கொடுப்பதும் ஒன்றல்ல. பிறப்பு தொழிலைத் தீர்மானிப்பதைத்தான் 1936இல் அண்ணல் அம்பேத்கர் எதிர்த்து எழுதினார்.

பெரிய பணத்துக்கும் வழி எழுதத்தான் செய்திருக்கிறார்கள். 2016இன் ஸ்டாண்டப் இந்தியா, வங்கிக் கிளை ஒவ்வொன்றும் தலித் அல்லது பழங்குடி ஒருவருக்காவது 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தரவேண்டும் என்றது. 2023இல் தமிழக அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரிலேயே தொழில் முன்னோடிகள் திட்டம் அறிவித்தது. 35 விழுக்காடு மானியம், உச்சம் 1.5 கோடி. ஒன்றிய அரசு நிறுவனங்கள் தாங்கள் வாங்குவதில் 4 விழுக்காட்டை நம்மவர் நிறுவனங்களிடம் வாங்கவேண்டும் என்று 2012இல் ஆணை வந்தது. பத்தாண்டு கழிந்த பின்னும் அந்த 4ஐ எட்டவில்லை.

'கிளைக்கு ஒருவர்' என்றார்களே, அந்த ஒருவர் யார் என்று நாம் எந்தக் கிளையிலாவது போய்க் கேட்டோமா? அரசு வங்கிகளைக் கேட்க 2005இன் தகவல் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. இன்னொன்று. தலித், பழங்குடியினரின் கடன் விண்ணப்பத்தை நிராகரிக்கும் அதிகாரம் கிளைக்குக் கிடையாது. அடுத்த மேல்மட்டத்தில்தான் நிராகரிக்கவேண்டும், காரணத்தையும் தெளிவாகக் குறிக்கவேண்டும். இதுவும் ரிசர்வ் வங்கி சொன்னதுதான். அதனால்தான் நம்மிடம் விண்ணப்பத்தையே வாங்குவதில்லை. வாயால் சொல்லி அனுப்பிவிட்டால் தடயம் இருக்காது, கேட்டியளா?

எனவே தனியாகப் போகாதீர்கள். படித்த தம்பி ஒருவர், தங்கை ஒருவர் கூடப் போங்கள். விண்ணப்பத்தைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். இல்லை என்றால், அந்த 'இல்லை'யை எழுதி வாங்குங்கள். பத்துப் பேரின் மறுப்பு எழுத்தில் கையில் இருந்தால், அது பத்துப் பேரின் தலைவிதி இல்லை, வழக்குக்கான ஆவணம். நாம் கேட்பது சலுகை அல்ல, நம் பங்கு.

ஜெய்பீம்.